ஆயிரத்து அறுநூறா, டர்போவா

பதினான்கு வருடமாக நான் அடுத்தவர் ஓட்டும் காரில் இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவள். இரத்தினபுரியில் சாரதிப் பயிற்சிப் பள்ளி ஒன்றில், அதாவது நாங்கள் லேனர்ஸ் என்று சொல்கிற இடத்தில், கார் பழக்குவது என் வேலை. எங்கள் கார்களில் பழக்குபவரின் காலடியிலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஸ்டியரிங் அவர்களிடம், அக்ஸிலேட்டரும் அவர்களிடம். நிறுத்துவது மட்டும் என்னால் முடியும். அதனால் பஸ்ஸில் போகும்போதும் என் வலது கால் தரையை அழுத்தும். முன்னால் யாராவது சைக்கிளில் குறுக்கே வந்தால் பக்கத்து சீட்டுக்காரரின் காலையே மிதித்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு காலையில், வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண்ணைத் தேயிலைத் தோட்டப் பாதையில் ஓட்டவைத்துக்கொண்டிருந்தேன். வளைவில் பிரேக் போடச் சொன்னேன். பயத்தில் அவர் அக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். நான் என் பக்கத்து பிரேக்கை இரண்டு காலாலும் அழுத்தினேன். பாதையோர வடிகாலுக்கு, எங்கள் பேச்சில் கானுக்கு, ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண் அழுதார். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "நாளைக்கு வாங்க, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. குசினி அடுப்புக்கும் கேற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் கணவர் தமிழ்ப் பாட ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவர் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா இப்பிடி உலாத்திறீர்? இரும் கொஞ்சம்."

"எனக்கு ஓட்டணுங்க."

"விடிஞ்சா பொழுதுபட்டா காருக்கதானே இருக்கிறீர்?"

"இருக்கேன். ஓட்டல."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் அது. புரியாத இடத்தில் பேசாமல் இருப்பார்.

அந்த வாரமே தேட ஆரம்பித்தேன். ஆறேழு வருடமாக ஒரு சீட்டு கட்டிவந்தேன், வீட்டுக்கு மேல்மாடி போடலாம் என்று. மேல்மாடி எனக்கு ஒருநாளும் ஆசையாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியது இரண்டு கதவு வைத்த, தாழ்வான, ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இருபது வயதைத் தாண்டிய ஒரு மாடல் மனதில் இருந்தது. அதன் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விலை ஏறுகிறது. இந்தப் பக்கத்தில் அந்த மாடலில் இரண்டே இரண்டுதான் விற்பனைக்கு இருந்தன. எம்பிலிப்பிட்டியவில் ஒன்று, மாவனல்லையில் ஒன்று. எம்பிலிப்பிட்டிய கார் சாதாரண ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சின். மாவனல்லை கார் இரண்டாயிரம் சிசி, டர்போ. இரண்டும் ஐந்து கியர், கையால் மாற்றுவது. வெளியே இருந்து பார்த்தால் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே முகம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் கலவானப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் தங்கச்சியோடு இருக்கிறார். "ரெண்டு கதவுன்னா பின்னுக்கு நாங்க எப்புடி ஏறுறது?" என்றார்.

"முன் சீட்ட மடிச்சுட்டு ஏறணும்மா."

"அப்ப எங்கள ஏத்துறதுக்கு இல்ல. சரி, பாத்து வாங்கு."

எம்பிலிப்பிட்டியவுக்கு ஒரு போயா விடுமுறை நாளில் கணவரோடு பஸ்ஸில் போனேன். காரின் சொந்தக்காரர் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர். முழங்கால் வலி. தாழ்வான சீட்டில் இறங்கினால் எழும்ப முடியவில்லை, அதனால்தான் விற்கிறேன் என்று முதல் பேச்சிலேயே சொன்னார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். டிக்கியின் அடியில் துரு பிடித்த இடத்தை அவரே விரிப்பை இழுத்துக் காட்டினார். எண்ணெய் எப்போது மாற்றினார் என்று எழுதிவைத்த பழைய டயரி ஒன்றும் இருந்தது.

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "அவசரப்படுத்தாதீங்க மிஸ். நாலாயிரத்துக்கு மேல போனாத்தான் இது கண் முழிக்கும்" என்றார்.

வாய்க்கால் ஓரத்துப் பாதை அங்கே நேராக, மட்டமாக ஓடும். மூன்றாவது கியரில் வைத்து மிதித்தேன். எஞ்சின் சுற்று இரண்டாயிரம், மூவாயிரம் வரை எங்கள் லேனர்ஸ் கார் மாதிரியே சாதுவாக வந்தது. நாலாயிரத்தைத் தாண்டியதும் சத்தம் மாறியது. முள் ஏழாயிரம் வரை ஏறியது. கால் எடுத்ததும் அடங்கியது. திரும்ப மிதித்ததும் திரும்ப எழுந்தது. வயல்வெளியில் கொக்குகள் கலைந்தன.

"நல்லாக் கிடக்கு. ஆடேல்ல" என்றார் பக்கத்தில் இருந்த கணவர், இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் பதினான்கு வருடம் அடக்கிவைத்ததற்கு இது போதுமா என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் முழுவழியும் மாவனல்லைக் காரின் படத்தையே போனில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாவனல்லைக்குத் தனியாகப் போனேன். விடியற்காலைப் பஸ், கேகாலையில் இறங்கி இன்னொரு பஸ். காரின் சொந்தக்காரர் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் இளைஞர். கல்யாணமாகி இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கடைக்கு முன்னால் சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் அந்தக் கார் நின்றது. சிவப்பு. துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருந்தார்.

"வண்டி நல்லா ஈக்குது அக்கா. மொதல்ல நான் ஓட்டிக் காட்டுறன், பொறகு நீங்க ஓட்டுங்க."

கடுகண்ணாவைப் பக்கம் ஏறும் பாதை. இடதுபக்கம் உட்கார்ந்த நான், அவர் ஒரு லொறியை முந்தியபோது தரை விரிப்பை ஓங்கி மிதித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, அங்க ஒண்டும் இல்ல."

பிறகு நான் வலதுபக்கம் மாறினேன். ஏற்றத்தில் மூன்றாவது கியர். மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் காத்திருந்தேன். பிறகு விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது, சீட்டு என் முதுகைத் தள்ளியது. முன்னால் தூரத்தில் போன வான் திடீரென்று கண்முன்னால் இருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை. இறங்கி, காரைச் சுற்றி ஒருதடவை நடந்தேன், சும்மா, அதை விட்டுப் போக மனம் வராமல்.

"வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. மெக்கானிக்கோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் மோசமான நாட்கள். பழக்கும்போது எரிந்து விழுந்தேன். அரைக் கிளச்சில் காரைக் கிளப்பத் தெரியாமல் எஞ்சினை அணைத்துக்கொண்டே இருந்த ஒரு பையனிடம், "தம்பி, ரோட்ல நிக்கிறதுக்கா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு நாள் முழுக்க வருந்தினேன். சாப்பிடும்போது கியர் மாற்றினேன். இரண்டு எஞ்சினைப் பற்றியும் போனில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். டர்போவுக்கு எண்ணெய் அடிக்கடி மாற்ற வேண்டும், சூடு அதிகம், பெட்ரோல் குடிக்கும். ஆயிரத்து அறுநூறு நூறு வருடம் உழைக்கும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற வருடத்தை நினைத்தால் சின்ன எஞ்சின். கடுகண்ணாவையை நினைத்தால் பெரியது. காலையில் ஒன்று, மத்தியானம் மற்றது.

"உமக்கு என்ன விசரே?" என்றார் கணவர். கோபத்தில் இல்லை. "எது வேணுமெண்டு கேட்டா உம்மட முகம் சொல்லுது, சிவப்பு எண்டு. பிறகேன் மற்றதைப் பற்றிக் கதைக்கிறீர்?"

"தெரியலங்க. அதான் தூக்கம் வரல."

எங்கள் லேனர்ஸ் கார்களைப் பார்க்கும் மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர், அறுபதை நெருங்குபவர். சின்ன வயதில் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்ததால் அவருக்கு ஒருவிதத் தமிழ் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வானிலேயே மாவனல்லைக்குப் போனோம். அவர் போனட்டைத் திறந்து, ஒரு குழாயைக் கழற்றி, டர்போவின் சிறிய விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. தலையை அசைத்தார். எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மீண்டும் தலையசைப்பு. என் மனம் குளிர்ந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

"நங்கி, ஓட்டிப் பாருங்க" என்றார். சிங்களத்தில் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் ஓட்ட, பாஸ் இடதுபக்கம். கடைக்கார இளைஞர் பின்சீட்டில் முழங்காலைத் தாடைவரை மடக்கி உட்கார்ந்துகொண்டார். கடுகண்ணாவை உச்சிவரை ஏறினோம். அதே விசில், அதே தள்ளல். திரும்பி இறக்கத்தில் வரும்போது முன்னால் ஒரு தனியார் பஸ், அதை முந்த இடமில்லை. வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது, ஆறாவது வளைவில் எரிந்த வாசனை வந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. இன்னும் மிதித்தேன். இன்னும் கீழே போனது. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

பதினான்கு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் கை தானாகச் செய்தது. மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது. எஞ்சின் அலறியது, கார் முன்பக்கம் குனிந்தது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இடதுபக்கம் ஒரு பழக்கடையின் முன்னால் அகலமான மண்தரை இருந்தது. அதில் இறக்கி நிறுத்தினேன். கடைக்காரம்மா ரம்புட்டான் குவியலோடு எழுந்து நின்றுவிட்டார். சக்கரங்களில் இருந்து புகை வந்தது.

பாஸ் இறங்கி, முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். சக்கரத்தின் நட்டுகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"நங்கி, இங்க வாங்க. இந்த மாடல்ல டர்போ காருக்கு நட்டு அஞ்சு. இதுல நாலு."

எனக்கு விளங்கவில்லை.

"இது டர்போ கார் இல்ல. சின்ன எஞ்சின் கார். யாரோ பெரிய எஞ்சின் போட்டிருக்கு. பிரேக் மாத்தல. எஞ்சின் பெருசு, பிரேக் சின்னது. சாமான் எல்லாம் அந்த சின்னதுக்குத்தான்."

இளைஞர் பின்சீட்டிலிருந்து கஷ்டப்பட்டு வெளியே வந்து நின்றார். காருக்குள் இருந்த பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் ஆயிரத்து அறுநூறு என்றுதான் இருந்தது. எஞ்சின் இலக்கமும் வேறு. அவர் வாங்கும்போதே அப்படித்தான்.

"நான் புத்தகத்துல ஓனர் பேரு சரியாண்டு மட்டும்தான் பாத்தன் அக்கா. அல்லாஹ்மேல ஆணையா தெரியாது."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "போன கிழமை நான் இதுல புள்ளயையும் அவளையும் வெச்சிக்கிட்டு கண்டியில இருந்து எறங்கி வந்தன்" என்றார். பழக்கடைக்குள் போய் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பழக்கடை அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பிரேக் ஆறும்வரை முக்கால் மணிநேரம் அங்கேயே இருந்தோம். ரம்புட்டான் வாங்கி மூன்றுபேரும் தின்றோம், தோலை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு. பிறகு பாஸ்தான் ஓட்டினார். முதல் கியரில், மாவனல்லைவரை, நடக்கிற வேகத்தில்.

இதோடு முடிவு கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்கலாம். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இளைஞர் எனக்குப் போன் எடுத்தார். சரியான பிரேக், ஐந்து நட்டு சக்கரம் எல்லாம் கொழும்பில் ஒரு உடைந்த காரில் இருந்து கிடைக்கிறதாம். தன் செலவில் மாற்றி, புத்தகத்தையும் திருத்தி எனக்கே தருவதாகச் சொன்னார். பாஸிடம் கேட்டேன். "மாத்தினா பிரச்சினை இல்ல நங்கி. எஞ்சின் நல்ல எஞ்சின்" என்றார். அதே நாள் சாயந்தரம் எம்பிலிப்பிட்டியப் பெரியவரும் எடுத்தார். சனிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார், மிஸ் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல பிரேக்கோடு டர்போ ஒருபக்கம், ஆயிரத்து அறுநூறு மறுபக்கம். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வங்கிப் பெண் பழக வந்தார். கானுக்கு முன்னால் நின்ற நாளுக்குப் பிறகு ஒருமாதம் வராமல் இருந்து, திரும்ப வந்தவர். அதே பாதை. வளைவுக்கு முன்னால் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எதை மிதிக்கப்போகிறார்? கார் என்ன செய்யப்போகிறது? ஒன்று, இரண்டு. இந்தமுறை சரியாகப் பிரேக்கைத்தான் மிதித்தார். ஆனால் அந்த இரண்டு எண்ணும் நேரத்தில் என் அடிவயிறு இழுத்துக்கொண்டதே, அது எனக்குத் தெரிந்த இழுப்பு. கடுகண்ணாவை ஏற்றத்தில் டர்போவை மிதித்துவிட்டு, என்ன வரப்போகிறது என்று காத்திருந்த அதே இழுப்பு. அங்கே நான் சிரித்தேன், உண்மைதான். ஆனால் இப்படிக் காத்திருந்து காத்திருந்துதானே எனக்கு இந்த நிலைமை வந்தது. எனக்கு வேண்டியது நான் கேட்டதும் பதில் சொல்கிற வண்டி. சின்னதாகச் சொன்னாலும் பரவாயில்லை, உடனே சொல்ல வேண்டும்.

"மிஸ், நான் சரியா செஞ்சேனா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ரொம்ப சரியா செஞ்சீங்க" என்றேன். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, தேயிலைக்கு நடுவில் நின்று எம்பிலிப்பிட்டியவுக்குப் போன் எடுத்து, கார் எனக்குத்தான் என்றேன். மாவனல்லைக்கு எடுக்க மனம் வரவில்லை, சாயந்தரம்வரை தள்ளிப்போட்டேன். அந்த இளைஞர் கோபப்படவில்லை. "பிரேக் மாத்திட்டு நானே வெச்சிக்கிறன் அக்கா" என்றார். அவர் சந்தோஷப்பட்ட மாதிரிதான் கேட்டது.

மறுநாளே போனோம். கையெழுத்தெல்லாம் முடிந்து, பெரியவரின் மகள் கொடுத்த பாற்சோறைச் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோது, என் கணவர் இடதுபக்கக் கதவைத் திறந்து குடையை உள்ளே வைத்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"என்னங்க. நீங்க பஸ்ல வாங்களேன்."

பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஓம், அதுக்கென்ன. பாத்து வாரும்" என்றார் கணவர். குடையை மட்டும் காருக்குள் இருந்து எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினார்.

கொடகவெல, கஹவத்தை என்று ஊர்கள் கடந்தன. பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல் நான் ஓட்டியதே இல்லை என்பதை அந்தப் பாதையில்தான் உணர்ந்தேன். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றங்களில் கியரைக் குறைத்து நாலாயிரத்துக்கு மேலேயே வைத்திருந்தேன். கை ஓயவில்லை, காலும் ஓயவில்லை. பெல்மடுல்லைச் சந்தியில் இடதுபக்கம் திரும்பினால் இரத்தினபுரி, வீடு. நான் வலதுபக்கம் திரும்பினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பலாங்கொடையையும் தாண்டிப் போனேன். தேயிலை மலைகள் ஆரம்பித்து, காற்றில் ஈரம் ஏறும்வரை.

ஓர் ஏற்றத்தில் எனக்கு முன்னால் புதிய ஜீப் ஒன்று சத்தமில்லாமல் விலகிப் போய்விட்டது. நான் இரண்டாவது கியரில் முழுதாக மிதித்திருந்தேன், அதற்குமேல் கொடுக்க எதுவுமில்லை. டர்போவில் முதுகைத் தள்ளிய அந்தக் கைக்காக ஒரு நொடி காத்திருந்தேன். அது வரவில்லை.

ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி பிளேன்டீ குடித்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஆண்கள் நாலைந்துபேர் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "டர்போவாங்க?" என்றார்.

"இல்லங்க. சாதா."

"ஓ" என்றார் அவர். அந்த ஒரு எழுத்துக்கு என் முகம் சூடானது. திரும்பி வரும் வழியெல்லாம் மாவனல்லைக்கு இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு ஒரு நீண்ட இறக்கம் வந்தது, வளைவும் வளைவுமாக. காரும் நானும் ஒன்றாக இறங்கினோம். எங்கே பிரேக் போட நினைத்தேனோ அங்கே போட்டது, எங்கே விட நினைத்தேனோ அங்கே விட்டது. அந்த யோசனை எந்த வளைவில் போனதென்று கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுதுபட்டிருந்தது. கணவர் வாசலில் சாரத்தோடு நின்றார், குளித்து, தலை சீவி.

"நான் பஸ்ஸில வந்து, சோறும் வைச்சு, பருப்பும் காய்ச்சிப்போட்டன். நீர் எங்க போனீர்?"

"சும்மா. பலாங்கொடப் பக்கம்."

அவர் காரை ஒருதரம் சுற்றிவந்தார். டயரை மிதித்துப் பார்த்தார், அதில் என்ன தெரியும் என்று அவருக்கே தெரியாது. பிறகு வலதுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே சறுக்கிக்கொண்டு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

"எப்ப எனக்குப் பழக்கப்போறீர்?"

"பழக்கிறேன். திங்கக்கிழம லேனர்ஸ் காருக்கு வாங்க" என்றேன். "இதுல இல்ல. இறங்குங்க."